பதினேழு அண்ணனும் ஒன்பது பில்டுகளும்

மணியடித்தால் உலகமே எழுந்து ஓடும். மணியடித்த பிறகு சாவகாசமாக உட்காருகிற ஒரே ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்துப் பதினேழு அண்ணன்.

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி, அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடையின் மாடியில் பதினோரு பேர் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிற எங்கள் சின்ன கம்பெனியில், ஓனர் மேடம் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் பதினேழுதான். காரணம் எளிது. எந்தக் காரியத்தையும் அவர் முழு மணியில் தொடங்கமாட்டார். அரை மணியும் ஆகாது. பதினேழாவது நிமிடம் வரவேண்டும்.

ஒன்பது மணி அலுவலகத்துக்கு ஒன்பது பதினேழுக்கு வருவார். மேடம் ஒருநாள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து எட்டு பதினேழுக்கே வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். நூல் கடைக்கு வந்தவர்கள் அவரை வாட்ச்மேன் என்று நினைத்து, வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டார்கள். அவரும் சலிக்காமல் இடம் காட்டினார். நான்காம் நாள் மேடம் ஆபீஸ் சாவியையே அவரிடம் கொடுத்துவிட்டார்.

பதினோரு மணிக்கு நாங்கள் எல்லோரும் எதிர்க்கடைக்கு டீ குடிக்க இறங்குவோம். அவர் மட்டும் நாற்காலியை விடமாட்டார். எங்களோடு வேலை பார்க்கும் வீரசோழன் ஊர்க்கார ரபீக் ஒருநாள் கேட்டேவிட்டான்.

"ஏண்ணே, டீக்கடை என்ன ஓடியா போகுது? வாங்க, சேந்து போவோம்."

"கடை ஓடாதுலே. நீங்கதான் ஓடுறீக. பதினோரு மணிக்குப் போனா ஊருக்குப் போட்ட டீயை நமக்கும் ஊத்துவாரு மாஸ்டரு. பதினொன்னு பதினேழுக்குப் போனா நமக்குன்னு ஒரு டீ போடுவாரு."

இதை நம்பி ரபீக் ஒரு வாரம் அவரோடு போனான். டீ நன்றாக இருந்தது உண்மை. வடை தீர்ந்துபோயிருந்ததும் உண்மை.

மேடத்தின் பிறந்தநாளுக்கு நாலு மணிக்குக் கேக் வெட்டினோம். நாலு பதினேழுக்கு அவர் வாழ்த்துச் சொல்ல வந்தபோது அட்டையும் கத்தியும்தான் மிச்சம். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல கேக்காத்தான் இருந்திருக்கும் மேடம்" என்றார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய கைபேசியைத்தான் பொறுக்க முடியாது. அது எப்போதும் அணைந்தே கிடக்கும். ஒவ்வொரு மணியிலும் பதினேழாவது நிமிடம் உயிர் பெறும். இருபதாவது நிமிடம் உயிரை விடும். "மூணு நிமிஷத்துல சொல்ல முடியாத சேதின்னா நேர்ல வந்து சொல்லணும்" என்பது அவர் வைத்த சட்டம். அவரைப் பெற்ற தாய்க்கும் அதே மூன்று நிமிடம்தான்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் கம்பெனியின் கடிகாரம் இருந்தது.

அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நாங்கள் ஒன்பது செயலிகள் எழுதுகிறோம். ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு துண்டு எழுதுவோம். அந்தத் துண்டுகளை எல்லாம் சேர்த்து, ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்து, ஒரு முழுச் செயலியாகக் கட்டுவதற்குப் பில்டு என்று பெயர். இதற்கு யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. இன்ன நேரத்துக்கு ஓடு என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். மூலையில் இருக்கும் கணினி ஒவ்வொரு மணி நேரமும் அந்த நேரத்துக்குத் தானே எழுந்து கட்டிப் பார்க்கும். யாராவது தப்பாக எழுதியிருந்தால் சிவப்பு. எல்லாம் சுகம் என்றால் பச்சை. அந்த நேரங்களை எழுதி வைத்தவர் பதினேழு.

எழுதிய அழகைக் கேளுங்கள். பள்ளிக்கூடச் செயலி மணிக்கு மூன்றாவது நிமிடம். ஜவுளிக்கடைச் செயலி பத்தாவது நிமிடம். பால் செயலி, சொல்லவே வேண்டாம், பதினேழு. அப்புறம் இருபத்து நாலு, முப்பது, முப்பத்தேழு என்று போய், கடைசிச் செயலி ஐம்பத்தெட்டில் நின்றது. பால்பல் விழுந்த குழந்தையின் வாயைப் பார்ப்பதுபோல் இருக்கும். ஏன் இப்படி என்று எங்கேயும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. கேட்டால், "ஓடுதுல்ல?" என்பார். அதோடு விளக்கவுரை முடிந்தது.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா கரிமூட்டத்துக்குக் கருவேலம் வெட்டினார், அம்மா கூலிக்குப் பருத்தி எடுத்தார். இப்போது அப்பா மில்லில் லோடு ஏற்றுகிறார், அம்மா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகக் கடந்து கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்லிப் பழகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமும் சொல்வேன். என் நோட்டுப் புத்தகத்தில் கோடு கோணியதில்லை. மளிகைச் சாமான் பட்டியலுக்குக்கூட மார்ஜின் போடுகிறவள்.

அங்கே ஆறு மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தேன். ஆறாவது மாதத்தின் கடைசி வாரம் பால் செயலியின் புதிய பதிப்பை மேடம் என் பொறுப்பில் விட்டார்.

"இது நல்லபடியா போயிருச்சுன்னா நிரந்தர ஆர்டரை உன் கையில தாரேன் செல்வி. சொதப்பிராத."

சொதப்பினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன், ஆறாவது மாதக் கடைசியில் டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. அது போதும்.

பால் செயலி கிராமங்களில் பால் வாங்கும் இடத்தில், அந்த இடத்தை நடத்தும் செக்ரட்டரியின் போனில் ஓடுவது. எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு என்று பதிந்து சீட்டு அடித்துக் கொடுக்கும். பழைய பதிப்பு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணியோடு நின்றுவிடும் என்று பால் கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்குள் புதியது எல்லாப் போனிலும் ஏறவேண்டும். ஏறாவிட்டால் சாயங்காலப் பாலுக்குச் சீட்டு வராது. சீட்டு இல்லாமல் செக்ரட்டரி பாலை வாங்கமாட்டார். சித்திரை வெயிலில் கறந்த பால் கேனில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வரிசையில் நாலரை மணிக்குத் தூக்குவாளியோடு என் அம்மாவும் நிற்பார்.

இந்த நிலைமையில் வியாழன் மதியத்திலிருந்து வெள்ளி வரைக்கும் பதினேழு விடுப்பு எடுத்தார். பாலவனத்தத்தில் பெண் பார்க்கப் போகிறார். கிளம்பும்போது சாவியை மேடத்திடம் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"செல்வி, மெஷினப் பாத்துக்க. ஒண்ணையும் தொடாத."

"அந்த நேரப் பட்டியலை மட்டும் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி வைக்கவாண்ணே? யாராச்சும் பாத்தா சிரிப்பாக."

"தொடாதன்னா தொடாத."

"ஏன்னு சொல்லுங்கண்ணே."

"ஓடுதுல்ல?"

காரணம் சொல்லாமல் 'தொடாதே' என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. எங்கள் தெருக்காரர்கள் அந்தச் சொல்லைப் போதுமான அளவு கேட்டாகிவிட்டது. அவர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்பது புத்திக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மாலை அன்றைய பில்டுகள் ஓய்ந்த பிறகு ஒன்பது நேரங்களையும் மாற்றினேன். காலை ஏழு தொடங்கி மாலை ஆறு வரை, ஒவ்வொரு மணிக்கும் முழு மணியில், ஒன்பது செயலிகளும். கோணல் மாணல் எல்லாம் போய், ஒன்பது வரியும் ராணுவ அணிவகுப்புப் போல நின்றன. அதை அழகாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். மேடம் கடந்து போகும்போது நின்று பார்த்தார்.

"இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார். அன்று இரவு வீட்டில் நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை படியேறும்போதே சத்தம் கேட்டது. மூலைக் கணினியின் விசிறி, காலி கிரைண்டர் சுற்றுவதுபோல் உறுமிக்கொண்டிருந்தது. திரையில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. ஏழு மணிக்குத் தொடங்கிய ஒன்பது பில்டுகளும் இன்னும் முடியாமல் மஞ்சளில் சுழன்றுகொண்டிருந்தன. ஐந்தாறு நிமிடத்தில் முடிய வேண்டியவை. அவற்றோடு எட்டு மணிக்குக் கிளம்பிய ஒன்பதும் சேர்ந்து சுழன்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி ஒன்பது ஆனது. இன்னும் ஒன்பது வந்து விழுந்தன. மொத்தம் இருபத்தேழு.

"சூடாயிருச்சுபோல" என்று ரபீக் எங்கள் மேசை விசிறியைத் தூக்கிப் போய் அதன் முகத்துக்கு நேரே வைத்தான். கணினிக்குக் காற்று வந்தது. எங்களுக்கு வியர்த்தது. மற்றபடி மாற்றமில்லை. பத்து மணிக்கு முப்பத்தாறு.

பதினொன்றுக்குப் பால் கம்பெனியின் கடைசித் திருத்தம் வந்தது. சின்னத் திருத்தம்தான். சேர்த்துவிட்டு, வெளியே அனுப்பும் பெரிய பில்டைத் தொடங்கினேன். எல்லாச் சோதனைகளும் சேர்த்து அரை மணி நேரம் பிடிக்கும். அரை மணி கழித்துப் பார்த்தேன். நூற்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தது.

கணினியை அணைத்துப் போட்டேன். அது எழுந்து, விட்ட வேலைகளை ஒன்றுகூட மறக்காமல் முதலிலிருந்து தொடங்கியது. இவ்வளவு விசுவாசத்தை நான் எந்த இயந்திரத்திடமும் எதிர்பார்த்ததில்லை. பன்னிரண்டு மணிக்கு ஐம்பத்து நாலு.

பன்னிரண்டு பதினேழுக்காகக் காத்திருந்து அவரைக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி. மூன்றாவது தடவை அடிக்கும்போது மணி பன்னிரண்டு இருபது. போன் அணைந்துவிட்டது.

அடுத்துப் போன் வந்தது. அம்மா.

"ஏத்தா செல்வி, சாயந்தரம் புது சீட்டாமுல்ல? செக்கட்டரி சொன்னாரு."

"ஆமாம்மா."

"எம் மகதான் அதச் செஞ்சான்னு வரிசையில எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். மேலத்தெருக்காரவுக கூட 'அப்படியா'ன்னு திரும்பிப் பாத்தாக. வச்சுரவா? மாடு கத்துது."

வைத்துவிட்டார்.

ஒரு மணிக்கு மேடம் வந்தார். திரையில் அறுபத்து மூன்று மஞ்சள்.

"பச்சை எங்க செல்வி?"

"வந்துரும் மேடம்."

"எப்ப?"

செக்ரட்டரிகளோடு பேசுவது ரபீக்கின் வேலை. அவன் போன் ஓயாமல் அடித்தது. "வந்துக்கிட்டே இருக்குண்ணே... ஆமாண்ணே... மூணு மணிக்குள்ளண்ணே" என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் செய்துகொண்டிருந்தான். ஒவ்வொரு சத்தியத்துக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

ஒன்று பதினாறுக்கு மூன்று பேரும் அவரவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டோம். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் பதினேழில் விழுந்ததும் மூவரும் ஒன்றாக அழுத்தினோம்.

எனக்குப் பிஸி. ரபீக்கைப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினான். மேடம் போனைக் காதிலிருந்து எடுத்து முறைத்தார்.

"மூணு பேருக்கும் பிஸி. அப்ப யாருகிட்டத்தான் பேசுறான் அந்தப் பய?"

"யாருகிட்ட வேணும்னாலும் இருக்கும் மேடம்" என்றான் ரபீக். "அவுக அக்கா, மச்சான், சித்தப்பா எல்லாரும் பொண்ணு எப்படின்னு கேக்க அடிப்பாக. எல்லாருக்கும் தெரிஞ்சது இந்த ஒரு பதினேழுதான? ஊரே ஒரே நிமிஷத்துல அடிச்சா யாருக்குத்தான் கெடைக்கும்?"

என் விரல் போனின் மேல் அப்படியே நின்றது. எதிர்ச் சுவரில் நான் ஒட்டிய தாள் இருந்தது. ஒன்பது செயலிகள். ஒன்பதுக்கும் ஒரே நிமிடம்.

ஒவ்வொன்றும் தனியாக வந்தால் ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்கு இடம் விட்டிருக்கும். ஒன்பதையும் ஒரே நொடியில் அந்தக் கிழட்டுக் கணினியின் தலையில் ஏற்றினேன். ஒன்றும் முடியவில்லை. முடியாததன் மேல் மணிக்கு ஒருமுறை இன்னும் ஒன்பதை ஏற்றினேன். அவருடைய கோணல் பட்டியலில் கோணலே கிடையாது. கணக்காக இடம் விட்டிருந்தார்.

சொல்லாமல் சரிசெய்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. யாருக்கும் தெரியாது. கணினி பழையது, அதன்மேல் பழியைப் போட்டால் அது மறுக்காது.

"மேடம், மெஷின்ல கோளாறு இல்ல. நான்தான்" என்றேன். "பதினேழு அண்ணன் வச்சிருந்த நேரத்தை எல்லாம் நேத்து நான் மாத்திட்டேன். அவுக தொடாதன்னு சொல்லிட்டுத்தான் போனாக."

மேடம் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். லட்சணமா இருக்கு என்று தானே சொன்னது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"சரி பண்ண எம்புட்டு நேரம்?"

"எல்லாத்தையும் நிறுத்திட்டு, பால மட்டும் தனியா ஓடவிடணும். முக்கா மணி நேரம், ஒரு மணி நேரம்."

"இப்பத் திட்டுறதுக்கு நேரமில்ல. திங்கக்கிழமை திட்டுறேன். செய்யி."

நேரப் பட்டியலை முடக்கினேன். இனி இரண்டு மணிக்குப் புதிதாக எதுவும் வராது. அப்புறம் சுழன்றுகொண்டிருந்ததை எல்லாம் நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றையும் நிறுத்தச் சொன்னால், கணினி 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். அறுபத்து மூன்று தடவை கேட்டது. அறுபத்து மூன்று தடவை ஆமாம் என்றேன். பக்கத்தில் நின்று ரபீக் எண்ணினான். முப்பதுக்கு மேல் அவன் குரலே எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில் என் அரைகுறைப் பால் பில்டையும் நிறுத்தினேன். விசிறியின் உறுமல் அடங்கியது. அந்த அமைதியில் மூன்று பேரும் மூச்சு விட்டது தனித்தனியாகக் கேட்டது.

ஒன்று நாற்பத்தைந்துக்குப் பால் பில்டைப் புதிதாகத் தொடங்கினேன். பத்துப் பங்கு. இருபது பங்கு. ஓடியது.

இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பதினேழு அண்ணன் வாசலில் நின்றார். சரிகை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் வாழையிலையில் மடித்த கேசரி. வியர்வையில் விபூதி கரைந்து மூக்கு வரைக்கும் வந்திருந்தது.

"என்னண்ணே, பொண்ணு பாத்தாச்சா?" என்றான் ரபீக்.

"கேசரி வந்துச்சு. பொண்ணு வாரதுக்குள்ள ஒண்ணு பதினேழு ஆயிருச்சு. போனைத் தெறந்தா அக்கா பேசுது, ஊடால ஆபீஸ் நம்பரு மூணு வந்து வந்து போகுது. மூணு பேரும் ஒண்ணா அடிச்சா ஆபீஸ்ல தீப்புடிச்சிருக்கும்னு எந்திரிச்சு பஸ்ஸேறிட்டேன்."

"சொல்லிட்டு வந்தீகளா?"

"கேசரி நல்லாருக்குன்னு சொன்னேன்."

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். அண்ணன் அப்போதுதான் சுவரைப் பார்த்தார். என் தாளை மேலிருந்து கீழ்வரைக்கும் வாசித்தார். முகம் வெளிறியது. என்னைத் திட்டுவார் என்று தோளை இறுக்கிக்கொண்டேன். திட்டவில்லை.

"ஏப்பா பதினேழு," என்றார் மேடம், "இம்புட்டு நாளா எதுக்குன்னே சொல்லாம வச்சிருந்தியே, எங்கிட்டுருந்து புடிச்ச இந்த நேரத்தையெல்லாம்?"

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "எங்கூரு எம்.ரெட்டியபட்டில இருவது தோட்டத்து மோட்டாருக்கு ஒரு டிரான்ஸ்பாரம் மேடம். காலைல ஆறு மணிக்கு மூணு பேஸ் கரண்டு வரும். எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தோம். ஆளே போகவேணாம், கரண்டு வந்த செகண்டு மோட்டாரு தானா எடுத்துரும். இருவதும் ஒரே செகண்டுல எடுத்துச்சு."

"என்ன ஆச்சு?"

"டமார். மாத்தி வைக்க மூணு வாரம். பருத்தி காய் புடிக்கிற நேரம். எங்கப்பா தெனமும் வரப்புல போய் நின்னு பாத்துட்டு வருவாரு. அப்பறம் ஊர்க் கூட்டம் போட்டு, ஆளுக்கொரு நிமிஷம்னு திருவுளச்சீட்டு எடுத்தோம். ஸ்டார்ட்டர்ல டைமர் வச்சோம். எங்களுக்கு விழுந்தது ஆறு பதினேழு. அதுக்கப்பறம் டிரான்ஸ்பாரம் வெடிக்கல."

ரபீக் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"அது மோட்டாருக்கு, சரிண்ணே. டீக்கு எதுக்கு?"

"பழகிருச்சுலே."

"இத நேத்தே எங்கிட்டச் சொல்லியிருந்தா என்னண்ணே?" என்றேன். எனக்கு அழுகை வந்தது, ஆனால் கோபமாகத்தான் வெளியே வந்தது. "படிச்சு வந்த பிள்ளைக்கு இது வெளங்காதுன்னு நெனச்சீகளா?"

"அய்யோ, இல்லத்தா. கம்ப்யூட்டர் ஆபீஸ்ல போய் மோட்டாரு கதையைச் சொன்னா நீ சிரிப்பன்னு நெனச்சேன்."

சிரித்திருப்பேன். அது எனக்குத் தெரியும். மோட்டார், வரப்பு, பருத்தி, இதிலிருந்தெல்லாம் தப்பிக்கத்தானே நான் படித்தேன்.

அப்போதுதான் திரை சிவந்தது.

மணி இரண்டு பன்னிரண்டு. தொண்ணூறு பங்கு முடிந்திருந்த பால் பில்டு நின்றுவிட்டது. சேமிப்பு வட்டில் இடம் இல்லை என்றது கணினி. நான் நிறுத்திய அறுபத்து மூன்றும் பாதி கட்டிய மூட்டைகளை அப்படி அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தன. அவற்றை அழிக்கவேண்டும். ஒரே கட்டளையில் அழித்துவிடலாம். ஆனால் வட்டின் அதே பகுதியில் ஒன்பது செயலிகளின் நல்ல மூட்டைகளும் இருந்தன. ஓர் எழுத்துத் தவறினால் எல்லாம் போகும். போனது திரும்பாது. கட்டளையை அடித்துவிட்டு, அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை நீண்டது. நெய் வாசனை அடித்தது. பதினேழு அண்ணனின் கை.

அந்த மாதிரிக் கையை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பாவோடு பேங்குக்குப் போகும்போது, தாலுகா ஆபீசுக்குப் போகும்போது, "இங்கிட்டுக் குடு தாயி, நாங்க எழுதிக்கிறோம்" என்று நீளும். நல்ல மனசோடுதான் நீளும். ஆனால் பேனா நம்மை விட்டுப் போய்விடும். அவர் அடித்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். மூன்று மணிக்குள் பச்சை வரும், அம்மாவுக்குச் சீட்டு வரும். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தயாராகிவிட்டேன்.

கை ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு பின்வாங்கியது. செருப்புச் சத்தம் சன்னல் பக்கமாகப் போனது.

நான் கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டு வாசித்தேன். ஓரிடத்தில் ஒரு கோடு கூடுதலாக இருந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் ஒன்பதும் போயிருக்கும். அதை எடுத்தேன். மறுபடி வாசித்தேன். அழுத்தினேன். இடம் காலியானது. நல்ல மூட்டைகள் ஒன்பதும் பத்திரமாக இருந்தன. மணி இரண்டு இருபது. பில்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

அடுத்த அரை மணி நேரம் ரபீக்கின் போனைத் தவிர எதுவும் பேசவில்லை. கடைசியில் அவன் அதையும் கவிழ்த்துப் போட்டான்.

இரண்டு ஐம்பத்தொன்றுக்குப் பச்சை வந்தது. ரபீக் அதை எல்லாப் போன்களுக்கும் தள்ளிவிட்டு, "ஏத்துங்கண்ணே, ஏத்துங்க, இப்பவே ஏத்துங்க" என்று கத்தத் தொடங்கினான். மேடம் இலையைப் பிரித்துக் கேசரியை அவராகவே எடுத்துச் சாப்பிட்டார்.

ஐந்து மணிக்கு அம்மா பேசினார். "சீட்டு வந்துருச்சுத்தா. டக்கு டக்குன்னு வருது. எழுத்து கொஞ்சம் பெருசா இருந்தா தேவலைங்காக."

"உனக்கு எப்படிம்மா இருக்கு?"

"எனக்கென்ன, பெருசா இருந்தாலும் சிறுசா இருந்தாலும் நீதான வாசிச்சுச் சொல்லப்போற."

திங்கட்கிழமை மேடம் சொன்ன சொல் தவறாமல் என்னைத் திட்டினார். பத்து மணிக்குத் தொடங்கி முழுசாக இருபது நிமிடம். முடித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து ஆர்டரை எடுத்து என் முன்னால் போட்டார். "தப்புப் பண்ணுனத நீயே சொன்னேல்ல, அதுக்கு" என்றார்.

பாலவனத்தத்தில் பெண் வீட்டார் கொதித்துப்போய் இருந்தார்களாம். பெண்தான் பேசி முடித்திருக்கிறது. "மணிக்கு மூணு நிமிஷத்துக்கு மேல போன் பாக்காத மாப்பிள்ளை இனி எனக்குக் கிடைக்கமாட்டாரு, இவரையே கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டதாம்.

இப்போது பதினேழு அண்ணன் கோயம்புத்தூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். மூலைக் கணினி என் பொறுப்பில். அவர் வேலையை விட்டுப் போன அன்று, சாவியை என்னிடம் கொடுக்கும்போதுதான் கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்குச் சிவப்பு வந்தப்ப கைய நீட்டுனீகளே. அப்பறம் ஏன் எடுத்துட்டுச் சன்னலுக்குப் போனீக?"

அவர் பையின் ஜிப்பைச் சரிபார்த்தார். ஏற்கெனவே மூடியிருந்ததை ஒருமுறை திறந்து மூடினார்.

"ரோட்டுல ஏதோ சத்தம் கேட்டுச்சு. என்னன்னு பாக்கப் போனேன்" என்றார்.

சித்திரை மாதத்து உச்சி வெயிலில் எங்கள் ஆபீஸ் தெருவில் ஒரு காக்கைகூடக் கத்தாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.